ஐந்து வீடுகளும் ஒரு மூடியும்

“மூடி போடுற பொண்ணுக்கு உள்ளார இன்னா இருக்குன்னு தெரிஞ்சி இன்னா ஆவப்போவுது?”

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம், எங்கள் உற்பத்திப் பிரிவு இன்ஜினியர் சார் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவர் கோபப்படவில்லை, கிண்டலும் செய்யவில்லை. கையில் டீ கப்பை வைத்துக்கொண்டு, நிஜமாகவே பதில் தெரியாதவர் போலக் கேட்டார். திட்டியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

லைனில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என்னைத் தெரியாது. கடைசிக்கு முந்தின மேசையில் ஆறு வருடம் நின்றவள். போன மாதம்தான் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். இப்படிப் பணி அனுபவம் எழுதுகிறவர்கள் வழக்கமாகத் தலை நரைத்து ஓய்வு பெற்றவர்களாக இருப்பார்கள். எனக்கு இருபத்தெட்டு வயதுதான். பயிற்சி வகுப்பில் உங்களிடம் வந்து நாலு வார்த்தை பேசச் சொல்லி பரிசோதனைப் பிரிவு அக்கா கூப்பிட்டார். கூட்டத்துக்கு முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதினால் வரும்.

எழுதுவதில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு, மறைக்க மாட்டேன். பழவேற்காடு ஏரியில் வலை போடும் குடும்பம் எங்களுடையது. அப்பா கைநாட்டு. அம்மா பொன்னேரி சந்தையில் இறால் கூடையோடு உட்காருகிறவர். டிரைவரின் முகத்தைப் பார்த்துத்தான் எங்கள் ஊர் பஸ் எது என்று கண்டுபிடித்து ஏறுவார். அந்த வீட்டிலிருந்து முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ வாங்கியவளும் நான்.

எந்த ஸ்க்ரூவை எவ்வளவு முறுக்க வேண்டும், எதைத் தொடுவதற்கு முன் கைப்பட்டை மாட்ட வேண்டும் என்பதையெல்லாம் உங்களுக்கு வேறு ஆட்கள் சொல்லித் தருவார்கள். நான் ஒரு மூடியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நாம் செய்யும் பெட்டி உங்களுக்குத் தெரியும். உள்ளங்கை அகலம். டிவியோடு இணைத்தால் இன்டர்நெட் வழியாகப் படம், தொடர் எல்லாம் வரும். நான் சேர்ந்தபோது ஓடிய மாடலில் பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை இருந்தது. மெமரி கார்டு செருகுகிற துளை. பரிசோதனைப் பிரிவில் அதில் ஒரு கார்டைப் போடுவார்கள். டிவியில் படம் ஓடும். ஓடினால் பெட்டி பாஸ். பாஸான பெட்டி என் மேசைக்கு வரும். நான் அந்தத் துளையின் மேல் ஒரு கறுப்பு ரப்பர் மூடியை வைத்துக் கட்டைவிரலால் அழுத்துவேன். டக். அதுதான் என் வேலை. அடுத்த மேசையில் ஏற்றும் மென்பொருளில் அந்தத் துளை செத்துவிடும். வாங்குகிறவருக்குக் கொடுக்கும் கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

வேலை செய்கிறதா என்று பார்த்து, செய்கிறது என்று தெரிந்த பிறகு மூடுகிறோம். இது எனக்கு ஜீரணமாகவில்லை. அதைக் கேட்கப்போய்த்தான் சாரிடம் அந்தக் கேள்வியை வாங்கிக் கட்டிக்கொண்டேன். காரணம் பிற்பாடு தெரிந்தது. பெட்டியில் பெயர் போட்டு விற்கிறவர்கள் வேறொரு நிறுவனம். வரைபடம் அவர்களுடையது. முதலில் எதற்கோ துளை வைத்தார்கள், பிறகு வேண்டாம் என்று விட்டார்கள். அச்சை மாற்றுவதைவிட மூடி போடுவது சுலபம்.

மூடி போட்ட அந்த நாட்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். இப்போது நினைத்தால் அந்த ‘டக்’ சத்தம் காதில் கேட்கிறது. காலை ஏழு மணிக்குப் பொன்னேரி ஸ்டேஷனில் ஓடி ஏறுவோம். கும்மிடிப்பூண்டி வருவதற்குள் பாதிப் பேருடைய நாஷ்டா மீதிப் பேருடைய வயிற்றில் இருக்கும். வேப்பம்பட்டிலிருந்து இரண்டு ரயில் மாறி வருகிற ஒருத்தி இருந்தாள். அவள் எலுமிச்சை சாதத்துக்கு எங்கள் வீட்டு இறால் தொக்கைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வாள். ஆரம்பாக்கம் பக்கத்துப் பெண்கள் தெலுங்கும் தமிழும் கலந்து சண்டை போடுவார்கள், அதே பாஷையில் சமாதானமும் ஆவார்கள். கன்வேயர் நின்றால் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் சிரிப்பு வரும். ஏன் என்று தெரியாது.

மாதம் ஒரு கைசன் அட்டை எழுதிப் போட வேண்டும் என்பது அப்போதும் விதிதான். வேலையை எப்படி மேம்படுத்தலாம் என்று யோசனை சொல்லும் அட்டை. பெரும்பாலும் ‘ஸ்க்ரூ தட்டை இரண்டு அடி கிட்டே வைக்கலாம்’ என்று எழுதிப் போடுவோம். தட்டு இரண்டு அடி கிட்டே வரும். அடுத்த மாதம் வேறொருத்தி ‘தள்ளி வைக்கலாம்’ என்று எழுதுவாள். மூன்றாவது வருடம் ஒரு மாதம் எனக்கு எழுத ஒன்றும் இல்லை. அதனால் மனதில் இருந்ததை எழுதினேன்:

‘எங்கள் ஊரில் விடியற்காலையில்தான் சிக்னல் நன்றாக வரும். வெயில் ஏறினால் டிவியில் வட்டம்தான் சுற்றும். காலையில் படத்தைக் கார்டில் இறக்கிவைத்துக்கொண்டு பிறகு பார்க்க முடிந்தால், எங்களைப் போன்ற ஊர்களிலும் இந்தப் பெட்டியை வாங்குவார்கள். அதற்கான துளை ஏற்கெனவே இருக்கிறது. மூட வேண்டாம்.’

அந்த அட்டை போன நேரம் நல்ல நேரம். பெட்டியின் அடுத்த மாடலுக்கான வரைபடம் தயாராகிக்கொண்டிருந்தது. அதில் துளையை போர்டிலிருந்தே எடுத்துவிடுவதாக இருந்தார்கள். எங்கள் மேலாளர் அட்டையை அந்த நிறுவனத்துக்கு அனுப்பினார். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. ஐந்து வீடுகள், நான்கு வாரம். துளை திறந்த ஐந்து பெட்டிகளைக் கொடுத்துப் பார்க்கலாம். ஜனங்கள் பயன்படுத்தினால் அடுத்த மாடலில் துளை இருக்கும். இல்லையென்றால் இனி எந்த மாடலிலும் இருக்காது.

“மூடி உன்னை எங்கியோ இஸ்துக்கினு போவுது பாரு” என்றார் இன்ஜினியர் சார். இந்தத் தடவை சிரித்துக்கொண்டே சொன்னார்.

எங்கள் தெருவிலேயே ஐந்து வீடுகளைப் பிடித்தேன். முதல் வீடு எங்களுடையது, கடைசி வீடு சித்தியுடையது. நடுவில் மூன்று. அந்த நிறுவனம் கொடுத்த படங்களும் தொடர்களும் கார்டில் இருந்தன. தினமும் காலையில் புதிதாக இறங்கும். வாரம் ஒரு முறை நான் ஒரு படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். வீடு எது, கார்டில் எத்தனை மணி நேரம் பார்த்தார்கள். இரண்டே கட்டங்கள். கீழே ‘குறிப்பு’ என்று ஒரு வெற்றிடம்.

முதல் இரண்டு வாரம் மானம் போயிற்று. ஒரு வீட்டில் அரை மணி, இன்னொரு வீட்டில் அதுவும் இல்லை. வேற்று மொழித் தொடர்களைத் தமிழில் பேசவைத்திருந்தார்கள். அம்மா பத்து நிமிஷம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“வாய் ஒண்ணு சொல்லுது, பேச்சு ஒண்ணு வருது. இவ மூடின வாய்லயே ரெண்டு வார்த்தை பேசிட்டாடி.”

மூன்றாவது வாரம் கணக்கு எடுக்கும்போது என் கண்ணை நான் நம்பவில்லை. எல்லா வீட்டிலும் ஒரு நாளைக்கு நாலு மணி, ஐந்து மணி. சித்தி வீட்டில் அதற்கும் மேல். ஞாயிற்றுக்கிழமை என்னதான் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள சித்தி வீட்டுக்குள் போனேன்.

இங்கே எங்கள் ஏரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஏரியில் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வலை கட்ட முடியாது. இறால் வரும் இடங்களை முறை வைத்துப் பிரித்துக்கொள்வோம். அதற்குப் பாடு என்று பெயர். எந்த வீட்டுக்கு எந்த இடம், எந்த நாள் என்பது ஊர்க் கூட்டத்தில் சீட்டு எடுத்து முடிவாகும். கூட்டத்தில் ஆண்கள்தான் உட்காருவார்கள். பெண்கள் வீட்டில் காத்திருப்பார்கள். புருஷன் வந்து சொல்வதுதான் சேதி. நல்ல இடம் விழாவிட்டால் ஏன் விழவில்லை என்பதற்கும் அவன் சொல்வதுதான் கதை.

அந்த மாதக் கூட்டத்தில் சித்தப்பாவுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் யார் பெயரை முதலில் கூப்பிடுவது என்று பழைய தகராறு ஒன்று இருந்தது. இந்தத் தடவை சாட்சி வேண்டும் என்று சித்தப்பா கூட்டம் முழுவதையும் போனில் படம் பிடித்துவிட்டார். போனில் இடம் நிரம்பிவிட்டது. வீட்டில் கண்ணுக்குப் பட்டது நான் கொடுத்த பெட்டியிலிருந்த கார்டு. அதில் ஏற்றிவைத்துவிட்டார். சித்தி பெட்டியில் கார்டைச் செருகியதும் டிவி நிறைய ஊர்க் கூட்டம் வந்து உட்கார்ந்துவிட்டது.

நான் போனபோது சித்தி வீட்டில் ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி டிவியை விரலால் காட்டிக்கொண்டிருந்தாள்.

“அங்க பாரு, தூணாண்ட. எங்கூட்டு ஆளு. ஊட்டுல அந்தக் கத்து கத்துவாரு. அங்க வாயே தொறக்கல!”

“தொறந்தாரே. கொட்டாவி வுட்டாரே.”

“நான் சண்ட போட்டுத்தான் நம்ம எடத்த வாங்கினேன்னு சொன்னாரு எங்கூட்டு மனுசன். சண்டையா? சுண்டல் துன்னுக்கினு கீறாரு!”

“மறுக்கா வை, மறுக்கா வை. சுண்டல் வர்ற எடத்துக்குப் போ.”

சித்தி ரிமோட்டை யாரிடமும் தரவில்லை. பின்னால் ஓட்டுவது, நிறுத்துவது எல்லாம் கைவந்திருந்தது. எங்கள் தெருவில் பெரும்பாலான பெண்களுக்கு எழுத்து தெரியாது. போனில் எதையாவது தேட வேண்டும் என்றால் யாரையாவது கூப்பிட வேண்டும். கார்டில் தேட எதுவும் இல்லை. செருகினால் வருகிறது. ஒரு வாரத்துக்குள் ஐந்து வீட்டுக் கார்டுகளும் சித்தப்பா போனுக்குப் போய் வந்துவிட்டன. கூட்டத்தோடு ஒரு காதுகுத்து, ஒரு கல்யாணம், புதுப் படகைத் தண்ணீரில் இறக்கியது எல்லாம் சேர்ந்துகொண்டன. அந்தப் படகு இறக்கியதில் அப்பா நிற்கிறார், சிரிக்கிறார். அப்பா சிரித்து நான் படத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அன்று சித்தி வீட்டு வாசலில் உட்கார்ந்து நான் நினைத்தேன், இந்தப் பெட்டி எதற்காகச் செய்யப்பட்டதோ அது இதுதான் என்று. செய்தவர்களுக்கே தெரியாது. நான் மட்டும் கண்டுபிடித்துவிட்டேன்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

திங்கட்கிழமை படிவத்தில் மணிக்கணக்கை நிரப்பினேன். எல்லாம் உண்மையான எண்கள். ‘குறிப்பு’ என்ற இடத்தை வெறுமனே விட்டேன். எழுதக் கூடாது என்று நினைக்கவில்லை. எழுதினால் எண் சின்னதாகிவிடுமோ என்று பயந்தேன். பயம்கூட இல்லை, ஆசை. இரண்டு வாரம் தலைகுனிந்து அனுப்பிய படிவத்தை முதல் தடவையாகத் தலைநிமிர்ந்து அனுப்புகிற ஆசை. மூடி போடுகிற பெண்ணின் எண்ணைப் பார்த்து அவர்கள் வாய் பிளக்க வேண்டும் என்ற ஆசை.

படிவத்தைப் பரிசோதனைப் பிரிவு அக்காதான் அனுப்பிவைப்பார். என்னைவிட இரண்டு வயதுதான் பெரியவர். அவர் கண்ணுக்கு ஒரு புள்ளிகூடத் தப்பாது.

“எத்தினி மணின்னு மட்டும் எழுதிக்கிறியே. இன்னா பாத்தாங்கன்னு எழுதலியா?”

“அவங்க கேக்கலியேக்கா. கட்டமே இல்ல.”

“கீழ எடம் கீதே.”

“நாலு வாரம் முடியட்டும்க்கா. மொத்தமா எழுதிடறேன்.”

அக்கா படிவத்தை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு அனுப்பிவிட்டார். நான்காவது வாரமும் அப்படியே. எண் இன்னும் ஏறியிருந்தது. குறிப்பு இன்னும் வெறுமையாகவே இருந்தது.

எண்ணைப் பார்த்து அந்த நிறுவனத்தில் வாய் பிளந்துவிட்டார்கள். தங்கள் தொடர்களை ஒரு மீனவர் தெரு தினமும் ஐந்து மணி நேரம் பார்க்கிறது என்றுதானே நினைப்பார்கள்? ‘நேரில் பார்க்க வருகிறோம், வெள்ளிக்கிழமை’ என்று சொல்லி அனுப்பினார்கள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு இன்ஜினியர் சார் போன் செய்தார். “பொன்னேரி தாண்டிட்டோம்மா. அவங்க ஆளு செம சந்தோஷத்துல கீறாரு. துளை இருக்கும்னு வாய் வுட்டே சொல்லிட்டாரு. எல்லாம் சரியாத்தான கீது?”

“சரியா கீது சார்” என்றேன்.

போனை வைத்தேன். அரை மணி நேரம் இருந்தது. அந்த அரை மணியில் நான் எடுத்த முடிவுதான் இந்த ஆறு வருடத்தில் நான் எடுத்ததிலேயே மோசமானது. பையில் ஐந்து புதுக் கார்டுகள் இருந்தன, நிறுவனத்தின் படங்கள் மட்டும் ஏற்றியவை. அவற்றைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஓடினேன்.

அம்மா ஒன்றும் கேட்காமல் விட்டார். நடு வீடுகள் மூன்றிலும் பெண்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள், ஆனால் கார்டை எடுக்க விட்டார்கள். படித்த பெண் ஏதோ காரணமாகத்தான் செய்வாள் என்று நினைத்திருப்பார்கள். அந்த மரியாதை எனக்கு இன்னும் உறுத்துகிறது. கடைசியாக சித்தி வீட்டுக்குப் போனேன்.

“சித்தி, கார்டைக் குடு. சாயங்காலம் திருப்பிக் குடுக்கறேன்.”

“எதுக்கு?”

“கம்பெனிக்காரங்க வராங்க. அவங்க படம் ஓடணும்.”

“அவங்க படம் அவங்க ஊட்டுல ஓடட்டும். எங்கூட்டுல எது ஓடுதோ அதப் பாக்கத்தான வராங்க?”

“சித்தி, பேஜாரு பண்ணாத. நேரமில்ல.”

“ஏண்டி, பேர் கூப்புட்ட எடத்த இன்னிக்குத்தான் சரியா புட்ச்சிக்கிறேன். உங்க சித்தப்பன் சொன்னது பொய்யி, பக்கத்தூட்டுக்காரரு சொன்னதுதான் நெசம். அவரு ஊட்டு அம்மாவ வரச் சொல்லிட்டேன், காட்றதுக்கு. இப்ப போயி புடுங்குறியே!”

வெளியே கார் சத்தம் கேட்டது. கார்டை விட்டுவிட்டு ஓடினேன்.

வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். கோயம்புத்தூர்ப் பக்கம் போலிருந்தது பேச்சு. மரியாதையானவர், வாசலிலேயே ஷூவைக் கழற்றினார். முதல் வீட்டில் அம்மா போட்டோவுக்கு உட்கார்ந்ததுபோல விறைப்பாக உட்கார்ந்திருந்தார். டிவியில் தொடர் ஓடியது. அம்மா டிவியைப் பார்க்கவில்லை, வந்தவரின் சாக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வீட்டில் டிவி ஓடியது, ஆள் இல்லை. மூன்றாவது வீட்டிலும் இல்லை. நான்காவது வீட்டில் நாற்காலியில் ஒரு பூனை மட்டும் படுத்திருந்தது.

“எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்களோ?” என்று கேட்டார் அவர். இன்ஜினியர் சார் என்னைப் பார்த்தார்.

அப்போது ஐந்தாவது வீட்டிலிருந்து ஒரு பெரிய சிரிப்புச் சத்தம் வந்தது.

நான் நான்கு வீட்டுக் கார்டுகளையும் எடுத்துவிட்டேன் இல்லையா, அதனால் அம்மாவைத் தவிர மற்ற வீட்டுப் பெண்கள் எல்லோரும் சித்தி வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களோடு அடுத்த தெருவும் வந்திருந்தது. உள்ளே கால் வைக்க இடமில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர். டிவியில் ஊர்க் கூட்டம், பெயர் கூப்பிடும் இடம். சித்தி நிறுத்தி நிறுத்தி விளக்கிக்கொண்டிருந்தாள்.

வந்தவர் வாசலில் நின்று பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு வந்தது, சத்தியமாக வந்தது. பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

“இது எங்க படம் இல்லையேங்க.”

இன்ஜினியர் சார் முந்திக்கொண்டார். “இன்னிக்கு மட்டும் சார். ஊர் விசேஷம்…”

சித்தி உள்ளிருந்து திரும்பிப் பார்த்தாள். “இன்னிக்கு மட்டுமா? பதினஞ்சி நாளா இதான் நைனா ஓடுது. இவதான் காலீல வந்து எல்லாரூட்டுலயும் புடுங்கிக்கினு போயிட்டா. அதான் அத்தினி பேரும் இங்க குந்திக்கினு கீறோம். வா, உள்ள வந்து குந்து. டீ போடட்டா?”

சார் கண்ணாலேயே எனக்கு ஏதோ சொன்னார். அவரோடு சேர்ந்து ஒரு கதை சொல்லியிருக்கலாம். என் வாயிலிருந்து வந்தது வேறு.

“சித்தி சொல்றது நெசம் சார். படிவத்துல இருக்குற மணி எல்லாம் இதோட மணிதான். கார்டை மாத்தினதும் நான்தான்.”

அவர் சிரிப்பு போய்விட்டது. கோபமும் வரவில்லை. களைத்துப்போனவர் போல ஆகிவிட்டார்.

“இதை நீங்க மூணாவது வாரமே எழுதியிருந்தா, நான் தூக்கிட்டுப் போய் மேல பேசியிருப்பேங்க. ‘நாம செஞ்ச பெட்டிக்கு நமக்குத் தெரியாத ஒரு உபயோகம் இருக்கு’ன்னு சொல்லியிருப்பேன். இப்ப நான் என்னத்தைச் சொல்ல? எண்ணைக் காட்டி ஏமாத்திட்டாங்கன்னுதான் எடுத்துக்குவாங்க. இந்த ரூம்ல இருக்கறதை யாரும் பாக்க மாட்டாங்க.”

சித்தி போட்ட டீயைக் குடித்துவிட்டுத்தான் போனார்.

முடிவு பத்து நாளில் வந்தது. அடுத்த மாடலில் துளை இல்லை. போர்டிலிருந்தே எடுத்தாகிவிட்டது. சொந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் யார் மாதச் சந்தா கட்டுவார்கள் என்று அங்கே ஒருவர் கேட்டதாகவும் கேள்விப்பட்டேன். “நீ எழுதியிருந்தாலும் எடுத்துத்தான் இருப்பாங்கம்மா, வுடு” என்றார் இன்ஜினியர் சார். அவர் நல்ல மனதோடு சொன்னார். அந்த ஆறுதல் எனக்கு வேண்டாம். நான் எழுதியிருந்து, அதற்குப் பிறகு எடுத்திருந்தால் அது அவர்கள் முடிவு. இப்போது அதில் பாதி என்னுடையது.

பழைய மாடலின் கடைசி லாட் முடியும்வரை நான்தான் மூடி போட்டேன். வேறு மேசைக்கு மாற்றித் தருவதாகச் சொன்னார்கள், வேண்டாம் என்றேன். கடைசிப் பெட்டி வந்த அன்று லைனில் யாருக்கும் அது கடைசி என்று தெரியாது. கன்வேயர் ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்தில் யாரோ கல்யாணப் புடவை நிறத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு மூடியை மட்டும் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். பின்னால் பெட்டிகள் சேர ஆரம்பித்ததும் அழுத்திவிட்டேன்.

பரிசோதனைப் பிரிவு அக்கா ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அந்த வாரம் சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அந்தக் குறிப்ப இப்ப எழுது.”

“இப்ப யாருக்குக்கா?”

“யாருக்கோ. பாத்தது நீதான? நீ எழுதலன்னா நடக்கவே இல்லன்னு ஆயிடும்.”

எழுதினேன். யார் யார் பார்த்தார்கள், எதை எத்தனை தடவை பார்த்தார்கள், எங்கே நிறுத்தினார்கள், எங்கே சிரித்தார்கள். எழுத்து தெரியாதவர்கள் யாரையும் கூப்பிடாமல் எப்படி ஓட்டினார்கள். அடுத்த கூட்டத்துக்குச் சித்தப்பா ஏன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார் என்பது வரைக்கும். நான் கார்டை மாற்றியதையும் எழுதினேன். ஆறு பக்கம் வந்தது. படிவத்தின் அந்தச் சின்ன வெற்றிடத்தில் அடங்கியிருக்காதுதான். ஆனால் ‘தனித்தாள் பார்க்கவும்’ என்று இரண்டு வார்த்தை எழுத இடம் இருந்தது.

உங்களுக்கும் படிவங்கள் வரும். இரண்டு கட்டம், மூன்று கட்டம். கட்டத்தை நிரப்பினால் உங்கள் வேலை முடிந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். எண் நல்லதாக இருக்கும்போதுதான் ஜாக்கிரதையாக இருங்கள். கெட்ட எண்ணை எல்லோரும் துருவிப் பார்ப்பார்கள். நல்ல எண்ணை நீங்கள்தான் துருவ வேண்டும், வேறு யாரும் செய்ய மாட்டார்கள். அப்புறம், பயத்தில் ஓடிப்போய் எதையாவது மாற்றி வைக்கத் தோன்றினால், கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டாரே உங்களைக் காட்டிக் கொடுப்பார்கள். கொடுக்கட்டும், அவர்கள் பொய் சொல்லப் பழகாதவர்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் திருவள்ளூரில் ஒரு சின்ன நிறுவனத்துக்கு நேர்காணலுக்குப் போனேன். மொத்தமே ஒன்பது பேர். கேபிள் ஆபரேட்டர்களுக்கு டிவி பெட்டி வடிவமைத்துக் கொடுக்கிறார்கள். நடத்துகிறவர் ஒரு பெண்.

“இதுக்கு முன்னாடி என்ன டிசைன் பண்ணியிருக்கீங்க?” என்று கேட்டார்.

“ஒண்ணும் இல்ல மேடம். ஒண்ண மூடியிருக்கேன்” என்று சொல்லிவிட்டு ஆறு பக்கத்தையும் கொடுத்தேன்.

அங்கேயே படித்தார். கடைசிப் பக்கத்தில், கார்டை மாற்றியது பற்றி எழுதிய இடத்தில் ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திருப்பிக் கொடுக்கும்போது, “நீங்க எழுதினத நம்பறேன். ஆனா நானும் ஒரு தடவ பாக்கணுமே” என்றார்.

இந்த மாதம் முதல் தேதியிலிருந்து அங்கே வேலை செய்கிறேன். இப்போதைக்கு வரைபடம் படிக்கத்தான் கற்றுக்கொள்கிறேன். அந்த ஐந்து பெட்டிகளை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. மூன்று உப்புக் காற்றில் போய்விட்டன. அம்மா வீட்டிலும் சித்தி வீட்டிலும் இன்னும் ஓடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை மேடத்தை ஊருக்குக் கூட்டிப்போகிறேன். எந்த வீட்டுக்கு, எத்தனை மணிக்கு என்பதை அவர்தான் அங்கே வந்து முடிவு செய்வார். என்னிடமும் சொல்லவில்லை.

நேற்று சித்திக்குப் போன் செய்தேன். யாரோ பார்க்க வருகிறார்கள் என்றதும், “ஊட்டப் பெருக்கி வெக்கறேன், அந்தக் கூட்டத்த எடுத்துட்டு நல்லதா ஒரு சாமி படம் போட்டு வெக்கட்டா?” என்று கேட்டாள்.

“ஒண்ணும் செய்யாத சித்தி” என்றேன். “நீ இன்னா பாத்துக்கினு கீறியோ அதையே பாத்துக்கினு இரு.”